உடைத்தவரே சொல்ல வேண்டும்

அவைக்குத் தலைமை தாங்கும் திருமதி லவினியா ஹேட்டன் அவர்களே, பெனிமன் நகை நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறை முதலாளி தெரசா அம்மையார் அவர்களே, பொன்னை உருக்கினாலும் தன்மானத்தை உருக்காத பட்டறைப் பெருமக்களே, பிள்ளைகளை மடியில் அமர்த்திப் பொறுமை காக்கும் தாய்மார்களே, நூவர்க் நகரத்து மூத்தோர்களே, கல் பதிக்கும் காசிமிர் டோம்பெக்கின் பணிவான வணக்கம்.

நிறுவனத்தின் வரலாற்றைப் பேச அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் இறங்கும்போது எனக்கு வேலை இருக்குமா என்பது ஐயம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எது நம் வரலாறு? மாளிகை மாதரசியர் மார்பில் மின்னிய மாலைகளா? மணமக்கள் மாற்றிக்கொண்ட மோதிரங்களா? இல்லை ஐயா, ஒரு விரிசல்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு. பீர் ஆலை முதலாளியின் மனைவி கெர்ட்ரூட் வோல்மர், தம் மரகத மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தார். பட்டறையில் ஆன்டன் என்பவர், கல்லைக் கழற்றாமலே வளையத்தை நெருப்பில் காட்டிவிட்டார். மரகதம் சூடு தாங்குமா? விரிசல் விட்டது. நிறுவனர் சைலஸ் பெனிமன் ஓடி வந்தார்.

"வேற கல்லை வச்சு அமுக்கிடு. அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

"நீங்களே வச்சுக்குங்க முதலாளி. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

தோல் ஏப்ரனோடு முன்கடைக்கு நடந்தார் ஆன்டன். அம்மையார் மெச்சினாரா? மன்னித்தாரா? அங்கே யாரோ 'ஆமாம்' என்கிறீர்கள். பாவம், உங்களுக்கு நூவர்க் பெண்களைத் தெரியாது. குடையால் முதுகில் நாலு போட்டார். மூன்றாண்டு கடைப்பக்கமே வரவில்லை. நான்காம் ஆண்டு, மகள் கல்யாண நகைக்கு வந்து நின்றார்.

"மத்த கடையில எல்லாம் இதுவரைக்கும் எதுவுமே உடைஞ்சதில்லைங்கிறான். அதான் பயமா இருக்கு."

அன்று தொடங்கியது வழக்கம்: உடைத்தவர் எவரோ, அவரே சொல்ல வேண்டும். முதலாளி சொல்லக் கூடாது, கடிதம் சொல்லக் கூடாது. போர் வந்தது, பஞ்சம் வந்தது, பக்கத்துக் கடைகள் பூட்டிக்கொண்டன. வழக்கம் மட்டும் நின்றது.

தலைவர் அவர்களே, சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் தாயாரின் மரகத மோதிரத்தைச் சிறிதாக்கக் கொடுத்தீர்கள். முப்பத்தோர் ஆண்டு அனுபவம் எனக்கு. 'இந்தச் சின்ன வேலைக்குக் கல்லைக் கழற்றுவானேன்' என்று நினைத்தேன். நெருப்பின் குற்றமா? இல்லை. கருவியின் குற்றமா? இல்லை. என் குற்றம். கல் இரண்டாகிவிட்டது. தெரசா அம்மையாருக்கே இப்போதுதான் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உங்கள் தாயார் அணிந்த கல்லுக்கு ஈடு கிடையாது. மிகவும் வருந்துகிறேன்.

செவிகொடுத்த சான்றோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. வெளியே மழை. தலைவரின் நாற்காலியில் குடை சாய்ந்திருப்பதை மேடை ஏறும்போதே கவனித்தேன். நான் இறங்கவில்லை, இங்கேயே நிற்கிறேன். வணக்கம்.