மாமாவின் பிரேக்கை மாமாதான் பிடிக்க வேண்டும்

அவைக்குத் தலைமை ஏற்று, அத்தனை பேச்சையும் அலுப்பில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அம்பலவாணர் ஐயா அவர்களே, பைக் ரைடர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேலாளரும் இந்த விழாச் செலவை ஏற்ற புரவலருமான ரகுநாதன் ஐயா அவர்களே, யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து இந்த வளைகுடா ஊரின் அல் குசைஸ் மண்டபத்தில் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்த கையோடு பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்திருக்கும் தாய்மார்களே, டியூட்டி சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்வரிசையில் நிற்கும் ரைடர் அண்ணன்மாரே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் அப்பா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி சந்தியாவின் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு சாலைப் பாதுகாப்பு. அப்பா திருத்திக் கொடுத்த பேச்சு என் பள்ளிப் பையில் இருக்கிறது. இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், தலைக்கவசம் அணி என்று அது அழகாகவே இருக்கும். அதை நான் பேசப் போவதில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதியதைப் பேசப் போகிறேன்.

சற்று முன் இந்தத் திரையில் ஒரு படம் காட்டினார்கள். புதிய ரைடர்கள் திறன் சோதனையில் தேறிய படம். அது என்ன சோதனை? தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். உரிமம் வாங்கியவுடன் ஒருவர் வண்டியில் ஏறினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பயம். புது ஆள், புது ஊர், எங்கே போய் இடிப்பாரோ என்ற பயம். அதனால் கட்டணத்தைக் கூட்டி வைக்கிறார்கள். கூடவே ஒரு வழியும் சொல்கிறார்கள். மைதானத்துக்கு வா. கூம்புகளுக்கு இடையே வளைந்து காட்டு. நடக்கிற வேகத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்டு. வேகமாக வந்து, கொடி அசைந்ததும் நிறுத்திக் காட்டு. கடைசியில் மணல் தூவிய தரையில் வழுக்காமல் நிறுத்திக் காட்டு. தேறிவிட்டால் கட்டணம் குறையும். கட்டணம் குறைந்தால் ரைடரின் சம்பளத்தில் பிடிப்பதும் குறையும். நல்ல ஏற்பாடா? மிக நல்ல ஏற்பாடு. ரகுநாதன் ஐயா தலையாட்டுகிறார். இப்போதே ஆட்டிக்கொள்ளுங்கள் ஐயா, பிறகு முடியாமல் போகலாம்.

அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் முகம், கறுப்புக் கண்ணாடிக்குள் கண், மேலாடையின் முதுகில் எண். ஓர் எண் போனது, மறு எண் வந்தது. ஆனால் வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு எண்ணும் என்ன செய்தது? பெட்ரோல் டேங்கை இரண்டு தட்டுத் தட்டியது, குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல. வந்தவரும் தட்டினார், அடுத்தவரும் தட்டினார், அவருக்கு அடுத்தவரும் தட்டினார். ஒருவருக்கு இருக்கும் பழக்கம் ஊருக்கே எப்படி வரும்? எனக்கு அந்தத் தட்டைத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிடும்போதெல்லாம் என் அப்பா தட்டும் தட்டு அது.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் அண்ணா. அந்தப் படத்தில் உங்களுடைய எண் எது?

என் அப்பா சுரேஷ்குமார் கெட்டவர் இல்லை. அவர் ரைடர்களுக்குச் சூப்பர்வைசர். ஊர்க்காரப் பையன் என்று ஒருவன் வந்து நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. விசாவுக்கு அலைந்து கொடுத்தார். ரூம் பார்த்துக் கொடுத்தார். சிம் வாங்கிக் கொடுத்தார். முதல் மாதச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை, சோதனையையும் ஓட்டிக் கொடுத்துவிட்டது. நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே? நம்மோடு வந்தவனை நாம்தானே தூக்கிவிட வேண்டும்? தூக்கிவிடுங்கள். ஆனால் பிரேக்கைப் பிடித்துக் கொடுக்க முடியுமா? லாரி திடீரென்று நிற்கும்போது அந்தப் பையனின் முதுகுக்குப் பின்னால் என் அப்பா உட்கார்ந்திருப்பாரா?

அந்தப் பையன்களில் ஒருவர் என் தாய்மாமா முனியசாமி. அதோ, அப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை அவருக்கு முதல் டியூட்டி. நான் அவரிடம் கேட்டேன்.

“மாமா, டெஸ்ட் எப்படி இருந்துச்சு?”

“சூப்பரா முடிஞ்சிருச்சு பாப்பா.”

“மணல்ல நிறுத்தச் சொன்னாங்களே, எந்த பிரேக்க முதல்ல பிடிச்சீங்க?”

“அதெல்லாம் மச்சான் பாத்துக்கிட்டாரு. நான் நிழல்ல உக்காந்து மோர் குடிச்சேன்.”

“அப்ப ரோட்டுல மணல் கெடந்தா?”

“ஏ, ஊருல டிராக்டரே ஓட்டுனவன் நான். இது என்ன, ரெண்டு சக்கரம்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மறுநாள் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்துகிற இடத்தில், வண்டியை எடுத்துக் காட்டினார். காற்றடித்து மணல் சேர்ந்த மூலையில் முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தார். வண்டி அவரை விட்டுவிட்டுப் போனது. முழங்கை தோல் உரிந்தது. “அம்மாகிட்ட சொல்லிராத” என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்சூரன்ஸ் குறைகிறது, குறைகிறது என்று இங்கே மூன்று பேர் பேசிவிட்டார்கள். எதற்காகக் குறைக்கிறார்கள்? மேலாடைக்கா, அதில் ஒட்டிய எண்ணுக்கா? நிறுத்தத் தெரிந்த கைக்குத்தானே குறைக்கிறார்கள். நிறுத்தத் தெரியாத கைக்கு அந்தச் சலுகையை வாங்கிக் கொடுத்தால் மிச்சமாவது எது? சம்பளத்தில் கொஞ்சம் மிச்சமாகும். ஆள் மிச்சமாவாரா? அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, அன்றைக்கு மைதானத்தில் ஓட்டியது யார் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் கேட்டால், யார் பதில் சொல்வது? ஹெல்மெட் பதில் சொல்லுமா?

தலைவர் ஐயா மணியடிக்கிறீர்கள். என் நேரம் முடிந்துவிட்டது, தெரிகிறது. ஐயா, இன்னும் கொஞ்சம். என்ன சொல்கிறீர்கள்? “சொல்லு பிள்ளை, மணியை நான் தள்ளி வைக்கிறன்” என்கிறீர்கள். நன்றி ஐயா.

அப்பா, நீங்களும் எழுந்துவிட்டீர்கள். இறங்கு என்று கை காட்டுகிறீர்கள். இறங்குகிறேன் அப்பா, முடித்துவிட்டு இறங்குகிறேன். உங்கள் போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். “சுரேஷ், எல்லாரும் பாஸ் ஆகணும். ஃபெயில் ஆனவனுக்கு என்கிட்ட வண்டி இல்ல. எப்படிங்கிறது உன் பாடு. யல்லா, சீக்கிரம் முடி, கலாஸ் பண்ணு.” அந்தக் குரல் இன்று இந்த மேடையில், எனக்கு அடுத்து மூன்றாவது நாற்காலியில் இருக்கிறது. ரகுநாதன் ஐயா, தேறாதவருக்கு வண்டி தராதது சரி. தேறுவதற்குப் பயிற்சி தந்தீர்களா? விழாவுக்கு மண்டபம் பிடிக்க நேரம் இருந்தது, மாலை வாங்க நேரம் இருந்தது, படம் பிடிக்க ஆள் இருந்தது. ஒரு புதுப் பையனை மணலில் நிறுத்திப் பழக்க மட்டும் நேரம் இல்லையா?

நான் பேசியதால் அப்பாவின் வேலை போகலாம். அது எனக்குத் தெரியாதா? வேலை போனால் விசா போகும், என் பள்ளிக்கூடம் போகும், இந்த ஊரே போகும். எல்லாம் தெரிந்துதான் ஏறினேன். போனால் என்ன? எல்லோருமாக விமானம் ஏறி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போவோம். மாமா மட்டும் தனியாக, பெட்டிக்குள் போகக் கூடாது. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அடித்தாலும் சம்மதிக்க மாட்டேன், அழுதாலும் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே இந்த அவையில், அத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். மாமா, நாளைக்கு நீங்கள் வண்டி எடுக்கக் கூடாது. உங்கள் மேலாடையை நீங்களே போட்டு, உங்கள் சோதனையை நீங்களே ஓட்ட வேண்டும். தோற்றால் தோற்றுப் போங்கள். மறுபடி ஓட்டுங்கள். மறுபடியும் தோற்றுப் போங்கள். மைதானத்தில் விழுந்தால் கை கொடுத்துத் தூக்க ஆள் இருக்கிறது.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். மாமா எழுந்திருக்கிறார். மைக் இல்லாமல் பேசுகிறார், பின்னால் கேட்காது, நான் சொல்கிறேன். “எனக்கு மணல்ல பிரேக் பிடிக்கத் தெரியாது. நாளைக்கு நான் வண்டி எடுக்கல” என்கிறார்.

அப்பா அவரை இழுத்து உட்கார வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவரோடு நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார், ஆனாலும் நிற்கிறார். பின்வரிசையில் சிரித்த அண்ணனும் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்குகிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை. ரகுநாதன் ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள். இவர்களுக்கெல்லாம் நீங்கள் பயிற்சி தர வேண்டும்.

மணியைத் தள்ளி வைத்த தலைவருக்கும், இறங்கு என்று சொன்ன பிறகும் இறக்கிவிடாத என் அப்பாவுக்கும், காது கொடுத்த தாய்மார்களுக்கும் நன்றி. தெரியாததைத் தெரியாது என்று இத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று சொன்ன என் மாமா முனியசாமிக்கு என் வணக்கம்.