பத்துக்கு எட்டரை

பத்துக்கு ஐந்து என்பது கெட்ட மார்க் இல்லை, மேடம். நான் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் அதைத்தான் போட்டிருக்கிறேன். பார்க்கலாம், பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்று அர்த்தம். ஆறு என்றால் நல்ல படம். ஏழு இதுவரை நான்கு படங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். எட்டு எதற்கும் போட்டதில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் இப்போது என்னைக் கொடூரமான ஆள் என்று சொல்கிறார்களாம். நான் கறாரான ஆள். அது வேறு, இது வேறு.

என் பெயர் முதாசிர். வயது அறுபத்திரண்டு. மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். என் மேஜைக்கு வரும் இரும்பு வளையங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு. ஒரு வளையம் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது அங்கே பேச்சே இல்லை.

ஓய்வு பெற்றதும் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினேன். 'முதல் காட்சி' என்று பெயர். எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள், காலையில் என்னோடு ஏரிக்கரையில் நடப்பவர்கள், பழைய அலுவலகத்து ஆட்கள் என்று அறுபத்து நான்கு பேர். பார்த்த படத்தின் பெயர், நான்கு வரிக் கருத்து, பத்துக்கு எவ்வளவு. அவ்வளவுதான் விதி. என்னைத் தவிர யாரும் அதிகம் எழுதியதில்லை. "படம் ஓகே", ஒரு கட்டைவிரல் பொம்மை, மூன்று தீப்பிழம்பு. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த மனிதன் ஒரு பொம்மையை அனுப்புகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்ட தட்டில் ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும் எனக்கு. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் என் விமர்சனத்தைப் போடுவேன். அதைப் படித்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை எந்தப் படத்துக்குப் போவது என்று முடிவு செய்வார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காஜா எங்கள் அடுக்கில் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தது போன வருடம். கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருந்தான். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. குழுவில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டான், சேர்த்தேன். அவன் எழுதமாட்டான். வாய்ஸ் அனுப்புவான். தியேட்டர் வாசலிலேயே நின்று, எதையாவது மென்றுகொண்டு பேசுவான். "படம் இன்னாமா கீது தெரியுமா. ரெண்டாவது பாதில அந்தப் பொண்ணு கதவத் தொறந்துகினு நிக்குது பாரு, அங்க நான் ஆஃப் ஆய்ட்டேன். எட்டர." எல்லாப் படத்துக்கும் எட்டரைதான். ஒரு முறை கூடக் குறைத்ததில்லை.

அந்த வாய்ஸில் அவன் எச்சிலை விழுங்குவது கேட்கும். பற்களுக்கு நடுவே சமோசா நொறுங்குவது கேட்கும். மூக்கை உறிஞ்சுவான், ஏனென்றால் அழுதிருப்பான். நான் முதல் சில வாரங்கள் கேட்டுவிட்டு, காதில் போடும் இயர்போனைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வைத்திருக்கிறேன். அசிங்கம் காது வழியாகவும் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு அது பிடித்திருந்தது. நடைக்கு வரும் சிட்டிபாபு, காஜா பாய் வாய்ஸ் வந்துவிட்டதா என்று என்னிடமே கேட்டார். அவன் அழுத படத்துக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனார்கள். அந்தப் படத்துக்கு நான் மூன்று போட்டிருந்தேன். காரணத்தோடு போட்டிருந்தேன். திரும்பி வந்து அவர்களும் அழுததாக எழுதினார்கள்.

அவன் என்னைப் போட்டியாக நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் பார்த்தால் ஒதுங்கி நின்று, "அண்ணா எழுதறதுதாண்ணா விமர்சனம், நான் சும்மா வாய் ஆட்டுறேன்" என்பான். உண்மையாகவே அப்படி நினைத்தான். எனக்கு அதுதான் மிகவும் குமட்டியது. எதையும் நல்லது என்று சொல்பவன் என்னையும் நல்லது என்கிறான். நான் அந்தப் படங்களோடு ஒரே தட்டில் கிடக்கிறேன் என்று தோன்றும்.

என் மனைவி ஜஹானாரா பதினொரு வருடமாக என்னோடு தியேட்டருக்கு வருவதில்லை. தலைவலி என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. படம் ஓடும்போது அவள் அழுவாள், நான் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பேன், அவள் நிறுத்திக்கொள்வாள். அப்படித்தான் இருந்தது. இந்த மார்ச்சில் அவள் காஜாவின் மனைவி ரூக்சாரோடும் காஜாவோடும் ஒரு மதியக் காட்சிக்குப் போய்வந்தாள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். அன்று மாலை குழுவில் அவள் வாய்ஸ் வந்தது. குழு தொடங்கிய நான்கு வருடத்தில் அவள் பேசியது அதுதான் முதல் முறை. "ஏழரை போடலாம். ரொம்ப நாள் கழிச்சு நல்லா அழுதேன். மனசு லேசாயிடுச்சு." நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவள் சமையலறையில் இருந்தாள். எங்களுக்கு நடுவே எட்டடி தூரம் இருக்கும். நாற்பத்தொரு பேர் அவளுக்கு இதயம் போட்டார்கள்.

மறுநாள் மொட்டைமாடிக் கொடியில் ஒரு கைக்குட்டை காய்ந்தது. ஊதாக் கட்டம் போட்டது, பெரியது. என்னுடையது இல்லை. காஜா தன் முகத்தைத் துடைத்து மடித்து வைத்திருந்ததை அவள் வாங்கித் தன் முகத்தைத் துடைத்திருக்கிறாள். துவைத்துத் திருப்பிக் கொடுக்கத்தான் காயப்போட்டிருந்தாள். தவறாக ஒன்றும் நினைக்காதீர்கள், நானும் நினைக்கவில்லை. அவர்களுக்குள் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஒரு குச்சியால் அதை எடுத்துக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு முறை கை கழுவினேன்.

மே மாதம் காஜாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் வீட்டோடு இருந்தான். அந்த இரண்டு மாதமும் குழு சுத்தமாக இருந்தது. யாரோ ஒருவர் மட்டும் காஜா பாய் எப்போது வருவார் என்று வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலையில் டாக்டர் வெளியே போகலாம் என்றதும் அவன் என் வீட்டுக்கு வந்தான். முதல் படம் உங்களோடுதான் பார்க்க வேண்டும் என்றான். கூட்டம் ஆகாது என்று மூன்றாவது வாரம் ஓடும் ஒரு படத்துக்குச் சனிக்கிழமை பதினொரு மணிக் காட்சிக்குப் பதிவு செய்திருந்தான். கிளம்பும்போது ரூக்சார் படியில் இறங்கி வந்து ஒரு மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தாள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை. "இவரு எங்கனா வச்சிட்டு மறந்துடுவாருண்ணா. நீங்க பொறுப்பான ஆளு, நீங்களே வச்சிக்கோங்க" என்றாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அட்டையில் பத்து மாத்திரை. எண்ணிப் பார்ப்பது என் வழக்கம்.

அரங்கத்தில் மொத்தம் இருபது பேர்கூட இல்லை. எங்கள் வரிசையில் நாங்கள் இருவர்தான். முதல் பாதி முழுக்க அவன் அழுதான். பாப்கார்ன் வாளிக்குள் கண்ணீர் விழுந்தது, அதையே எடுத்துச் சாப்பிட்டான். எனக்கும் நீட்டினான். இடைவேளையில், அன்றைக்கு அண்ணி எப்படி அழுதார்கள் தெரியுமா, அவர்களையும் கூட்டி வந்திருக்கலாம் என்றான். உங்களோடு வந்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள் என்றும் சொன்னான். நான் ஆமாம் என்றேன்.

இடைவேளை முடிந்து பத்து நிமிடம் இருக்கும். என் முழங்கையைத் தொட்டான். கை சில்லிட்டு, ஈரமாக இருந்தது. படம் பார்ப்பவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மெல்லத்தான் சொன்னான்.

"அண்ணா, நெஞ்சு அடைக்குது. அந்த மாத்திர."

போன வாரம் உங்கள் எஸ்.ஐ. கேட்டபோது, இருட்டில் மாத்திரை எதுவென்று தெரியவில்லை என்றேன். அது சரியில்லை. திரையில் பகல் காட்சி ஓடியது, அட்டையை அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்தேன். பிறகு, அந்த வாயைப் பார்த்து அருவருப்பில் கை வரவில்லை என்று சொல்ல நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. அவன் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். சோள உமி ஒட்டிய, எச்சில் நூல்விட்ட வாய். அட்டையைப் பையில் திரும்ப வைத்தேன். நான் எப்போதும் வைத்திருக்கும் இருமல் மிட்டாய் ஒன்றைப் பிரித்து, இந்த விரலால்தான் அந்த நாக்குக்கு அடியில் வைத்தேன். கை வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "இனிக்குதுண்ணா" என்றான்.

புது கம்பெனி மாத்திரை என்றேன்.

"சரிண்ணா. நீங்க படத்தப் பாருங்க."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. நான் படத்தைப் பார்த்தேன். இன்னும் ஐம்பது நிமிடப் படம் இருந்தது. நடுவில் என் கையைப் பிடித்தான், எடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டேன். மூச்சு இழுத்தது ஒரு பதினைந்து நிமிடம் கேட்டது. கதவு பதினெட்டுப் படி கீழே, அதன் வெளியே சீருடைப் பையன்கள் நின்றிருந்தார்கள். நான் எழுந்து போகவில்லை. மூச்சுச் சத்தம் நின்றபோது திரையில் கதாநாயகியின் அம்மா ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். தேவையே இல்லாத காட்சி.

விளக்கு போட்டதும் நான்தான் கத்தினேன். நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். நடிப்பு என்று பார்த்தால் அதற்கும் ஒரு ஐந்து கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், வலி என்றதும் மாத்திரை கொடுத்தேன், பிறகு தூங்குகிறான் என்று நினைத்தேன் என்றேன். ரூக்சார் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ஒப்படைத்ததைத் திருப்பித் தருவதுதானே முறை என்று மாத்திரை அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மாலை ஆறு மணிக்குக் குழுவில் இரங்கல் எழுதினேன். அன்று சனிக்கிழமை என்பதால் கீழே படத்துக்கு மூன்று போட்டேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் மகள் அனம் வந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண். ஸலாம் சொல்லிவிட்டு, அட்டையை என் மேஜைமேல் வைத்தாள்.

"பெரியத்தா, பத்தும் அப்படியே இருக்கு. அத்தாவுக்கு அன்னிக்கு எதைக் குடுத்தீங்க?"

அழாமல், நேராகக் கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் குடும்பத்தில் ஒருவர் எதையாவது சரியாகக் கவனித்தது அதுதான் முதல் முறை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஜஹானாரா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அனத்தைப் படிவரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மிளகாய் அரைக்கும் ஜாரைக் கழுவிக் கவிழ்த்தாள். காலையில் பள்ளிக்கரணைக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். செல்போனை மேஜைமேல் வைத்து, "இனிமே இது எனக்கு வேணாம்" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். அதற்குள் செருப்பு மாட்டிவிட்டாள்.

அந்த வாரமே குழுவிலிருந்து ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். முதலில் சிட்டிபாபு. பிறகு நாளுக்குப் பத்துப் பேர். சத்தமில்லாமல் போனார்கள், சாம்பல் எழுத்தில் ஒரு வரி மட்டும் வரும். நான் தடுக்கவில்லை. படம் பார்க்கத் தெரியாதவர்கள் கழிந்து போவது குழுவுக்கு நல்லதுதான்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். காஜாவை நான்தான் சாகவிட்டேன், தெரிந்தே விட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். பொறாமையா என்று ஆரம்பத்தில் கேட்டீர்களே, இல்லை மேடம். பொறாமைப்பட அவனிடம் என்ன இருந்தது? எனக்குக் கீறல் கண்ணில் படும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டைச் சோதிக்கும்போது மேஜைமேல் இருக்கும் ஜஹானாராவின் போனை எடுத்துப் போவீர்கள். அதைச் சார்ஜில் வைத்திருக்கச் சொல்லுங்கள். குழுவில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமை நான் விமர்சனத்தைப் போட்டதும் நானே அவள் போனைத் திறந்து குழுவைத் தொடுவேன், என் போனில் டிக் நீலமாகும். நான்கு வாரமும் ஆகியிருக்கிறது. மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் எழுதுவதை அவள் ஒன்றுகூட விடாமல் படிக்கிறாள்.