‘சாரி’யைச் சரியாகச் சொன்னவருக்கு

மருத்துவமனை விசாரணை மேசையில் வீற்றிருந்து, வாடி வந்தோர் வருத்தம் தணித்த வாய்மொழியாளர், திருமதி பியூலா ஜெபராஜ் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல். அவையோர் பலர் அறியாத ஒன்றைச் சொல்லிவிட்டு வாழ்த்துகிறோம்.

1986-இல் ஒரு மழை நாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த லோகநாதனுக்கு முந்தின நாள்தான் நம் மருத்துவமனையில் காலில் அறுவை நடந்திருந்தது. அவர் மனைவி கங்கையம்மாள் மாடம்பாக்கத்திலிருந்து சோற்றுத் தூக்குடன் வந்து சேர்ந்தபோது, பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. கணவர் பெயரைச் சொன்னார். பியூலா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாக, மெல்லிய குரலில், "சாரிம்மா" என்றார்.

கங்கையம்மாளுக்கு அந்தச் சொல் சினிமாவில்தான் பழக்கம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அதைச் சொன்னால், ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். தூக்கு கைநழுவியது. தரையில் உட்கார்ந்து மார்பில் அறைந்துகொண்டு அழுதார்.

விஷயம் புரிந்ததும் பியூலா ஓடிவந்து அவர் அருகே குனிந்தார். "நேரம் முடிஞ்சுபோச்சுன்னுதாம்மா சொன்னேன். அவர் நல்லா இருக்கார்."

"பொய் சொல்லாத. அப்போ என்னாண்ட இன்னாத்துக்கு சாரி சொன்ன?"

விதியை ஒதுக்கிவிட்டு, கையைப் பிடித்து வார்டுக்கே அழைத்துப்போனார் பியூலா. லோகநாதன் கட்டிலில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "இன்னாத்துக்கு அழுவுற? சோறு எங்க?" என்றார்.

மறுநாள் முதல் பியூலா செய்தியை முதலில் சொன்னார்: "அவர் நல்லா இருக்கார். இப்போ பார்க்க முடியாது. நாலு மணிக்கு வாங்க." சாரி என்பதைத் தம் தவறுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். எங்களையும் அப்படியே பழக்கினார். முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

சிரிப்பு 1993-இல் நின்றது. பெருங்களத்தூர் தனக்கோடியின் தாயார் உயிர் பிரிந்த அன்று, இளம் மருத்துவர் ஒருவர் தனக்கோடியிடம் "சாரி" என்றார். அதோடு நகர்ந்துவிட்டார். தனக்கோடி மேசைக்கு வந்து, "டாக்டர் சாரின்னார். அம்மாவைப் பார்க்க இன்னும் லேட் ஆவுமா?" என்று கேட்டார். பியூலா மேசையைச் சுற்றி வந்து, அவரை பெஞ்சில் உட்காரவைத்துத் தாமும் அருகில் அமர்ந்து, "அம்மா இறந்துட்டாங்க, தம்பி" என்றார். தனக்கோடியின் அக்கா வந்து சேரும்வரை அங்கிருந்து எழவில்லை.

பணிநிறைவு பெறும் பியூலா அவர்கள், கணவர் ஜெபராஜ் அவர்களோடு நோயற்று, நிறைவுற்று, நெடுநாள் வாழ்க. நாளைக் காலை அந்த நாற்காலியில் உட்காரவேண்டியவர் இப்போதே செய்தியை முதலில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
மருத்துவமனை ஊழியர்கள்
தாம்பரம், மே 1996