ஆரஞ்சுப் பட்டை

காலை வகுப்புக்கு நானே டோனட் வாங்கி வைத்துவிடுவேன். வயிறு காய்ந்த போலீஸ்காரன் காதில் எதுவும் ஏறாது. வயிறு நிறைந்தாலும் ஏறாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

நெப்ராஸ்காவில் எங்கள் போலீஸ் பயிற்சிக் கூடத்துக்குப் புதிய பாடத்தைக் கொண்டுவந்தவன் நான். மனம் கலங்கிக் கத்தியோடு நிற்பவரிடம் முதலில் பேசு, தள்ளி நில், அவகாசம் கொடு. அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது, டிடெக்டிவ். மேலிடம் நன்றாகத் தலையாட்டும்; பாடத்தைக் கட்டாயமாக்கும் உத்தரவில் கையெழுத்து மட்டும் போடாது. பழைய ஆட்கள் பின்வரிசையில் சாய்ந்துகொண்டு சிரிப்பார்கள். அதிலும் சார்ஜென்ட் வெர்ன் டோலசல் இருக்கிறாரே.

"ஏன் வாத்தியாரே, கத்தியத் தூக்கிட்டு வர்றவன்கிட்ட, வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிக்கணுமா?"

வகுப்பே குலுங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நான் குரலை உயர்த்தியதில்லை.

நடிப்புப் பயிற்சிக்கு முன் நிஜத் துப்பாக்கிகளை வெளியே வைத்துப் பூட்டிவிடுவோம். உள்ளே சாயக்குண்டுத் துப்பாக்கி மட்டும்தான். ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்து, சுத்தம் என்றால் சட்டைக் கையில் ஆரஞ்சுப் பட்டை ஒட்ட வேண்டும். அன்று அந்தப் பொறுப்பு என்னுடையது. வெர்ன் கணுக்காலில் எப்போதும் ஒரு சின்னத் துப்பாக்கி கட்டியிருப்பார், கழற்ற மறந்துவிடுவார். போன தடவை நான்தான் நினைவுபடுத்தினேன். இந்தத் தடவை என் கை அதன்மேல் பட்டது.

"என்ன வாத்தியாரே, கிச்சுகிச்சு மூட்டுறீங்களா?" என்றார்.

பட்டையை ஒட்டினேன்.

வெர்னுக்கு எதிரே, கத்தியோடு வரும் நோயாளியாக நடிக்க கேரிஸாவை நிறுத்தினேன். என் மாணவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். வேறு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் கல்யாணமாகாத ஒரு முரட்டுப் பையனின் படத்தைப் பத்திரிகையில் யார் மறுமுறை பார்ப்பார்கள், சொல்லுங்கள்.

"சார், அவர் பேச ஆரம்பிச்சா நான் நின்னுடவா?"

"அவரு எங்கம்மா பேசப் போறாரு. நீ நிக்காம ஓடு."

வெர்னின் சாயத் துப்பாக்கி ஏன் காலியாக இருந்தது என்று கேட்டீர்கள். நான் குண்டு போடவில்லை. விசையை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். கேரிஸா ரப்பர் கத்தியோடு நெருங்கிவிட்டாள். அவர் கை, பழகிய பழக்கத்தில், கணுக்காலுக்குப் போனது.

தன் மறதிதான் அவளைக் கொன்றுவிட்டது என்று வெர்ன் இன்னும் அழுகிறாராம், பாவம். மறதி இல்லை, பயிற்சிக் குறைவு. நான் கற்றுக்கொடுத்தபடி வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

அடக்கம் முடிந்த மறுவாரமே கையெழுத்து விழுந்தது. இப்போது மாநிலம் முழுக்க என் பாடம் கட்டாயம். அதன் முதல் விதி, எந்த உயிரையும் கருவியாக நினைக்காதே என்பது. அதை எழுதியவன் நான். இன்றும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.