ஒச்சாயி வைத்த சந்தனப் பொட்டு

இந்த அவைக்கு அணியாக வீற்றிருக்கும் தலைமையாசிரியை பிலோமினாள் அம்மையார் அவர்களே, அறிவியல் ஆசான் அண்ணன் ராஜாராமன் அவர்களே, வண்டியூர் வெயிலையும் வென்று வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் அன்னையரே, கடைசி வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் என் கண்மணிகளே, உங்கள் தமிழாசிரியன் லூர்துராஜின் வணக்கம்.

எனக்கு மின்சாரம் என்றால் அச்சம். வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவேன். என்ன சிரிப்பு? சிரிக்கிற அண்ணே, நீங்களும் அப்படித்தான் என்று அண்ணியார் தலையாட்டுகிறார். இப்படிப்பட்ட என்னைப் பேச அழைத்தது யார்? எட்டாம் வகுப்புத் தமிழ்வாணி. எதைப் பற்றி? அவளும் ஷ்யாமும் ஜெனியும் சேர்ந்து செய்த மழைக் காவலனைப் பற்றி.

தமிழ்வாணியின் தாய் ஒச்சாயி அம்மாள் அப்பளம் தேய்ப்பவர். மாடியில் காயும் அப்பளத்தின் மீது திடீர் மழை விழுந்தால் ஒருநாள் உழைப்பும் கூழ். மகள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாளா? உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, அதன்மேல் செம்புக் கோடுகள். அதற்குப் பெயர் சென்சாராம். மழை தொட்டால் பஸ்ஸர் கத்தும், மோட்டார் சுழலும், தார்ப்பாய் தானாக நகர்ந்து அப்பளத்தை மூடும். எட்டாம் வகுப்பில் நான் செய்த சாதனை என்ன தெரியுமா? சைக்கிள் செயினைக் கழற்றினேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை.

வந்தது மாவட்டக் கண்காட்சி. நடுவர்கள் நெருங்கும் நேரத்தில் ஒச்சாயி அம்மாள் மகளின் மேசைக்கு வந்தார். புது பைக்குக்கும் புது மிக்ஸிக்கும் நாம் என்ன செய்வோம்? அதையேதான் அவரும் செய்தார். சந்தனம் குழைத்து, குங்குமம் சேர்த்து, பளபளத்த அந்தத் தகட்டின் நட்ட நடுவில் ஒரு பொட்டு வைத்தார். வைத்த விநாடியே பஸ்ஸர் அலறியது. கூரை போட்ட அரங்கத்துக்குள், ஒரு துளி மழையும் இல்லாமல், தார்ப்பாய் சரசரவென்று மூடியது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நடுவர் அடுத்த மேசைக்கு நகரப் பார்த்தார்.

அந்தத் தாயின் முகம் சுருங்கியது. "படிக்காத கை பட்டு இம்புட்டு நாள் உழைப்பையும் கெடுத்துப்புட்டேனே தாயி. நான் போறேன்" என்று வாசலை நோக்கி நடந்தார்.

மகள் ஓடினாள். அதே கையைப் பிடித்து மேசைக்கே அழைத்து வந்தாள். நடுவரிடம் சொன்னாள்: "சார், இது கெட்டுப்போகல. ஈரம் பட்டுச்சு, கத்துச்சு. ஒரு பொட்டு ஈரத்தையே மழைன்னு நம்புற மாதிரி செஞ்சது எங்க தப்பு. காக்கா எச்சம் போட்டாலும் இப்படித்தான் மூடும். எங்கம்மாவாலதான் தெரிஞ்சது."

சொன்னதோடு நின்றாளா? இன்னொரு தகட்டை மறுமுனையில் வைப்போம், இரண்டும் நனைந்தால்தான் தார்ப்பாய் நகரும் என்று மூவரும் சார்ட்டின் பின்பக்கத்திலேயே வரைந்து காட்டினார்கள். பழியைத் தாய்மேல் போட்டுத் தப்பித்திருக்கலாமே, போட்டார்களா? அந்தப் பண்புக்கு என் தலை தாழ்கிறது, அந்தத் துணிவால் இந்த ஊரின் தலை நிமிர்கிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், குடித்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

இன்று அவர்கள் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். விண்ணப்பம் இதோ என் கையில். 'உருவாக்கியவர்கள்' என்ற இடத்தில் மூன்று பெயர்கள். அதன்கீழே பேனாவால் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள் தமிழ்வாணி. 'சோதித்துப் பிழை கண்டவர்: ஒச்சாயி.'

எங்கே ஒச்சாயி அம்மாள்? கதவோரம் நிற்கிறாரா? அம்மா, மேடைக்கு வாருங்கள், இந்தச் சால்வை உங்களுக்கு. என்ன சொல்கிறார்? வேலையிலிருந்து நேரே வந்தவர், "கையெல்லாம் மாவா இருக்கு, கழுவிட்டு வாரேன்" என்கிறாரா? கழுவ வேண்டாம் தாயே, அந்த மாவுக் கையோடே வாருங்கள்.

அவர் படியேறி முடியும்வரை உங்கள் கரவொலி ஓயக்கூடாது. இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.