இனம் தெரியாத வரவு

ஆபீஸ் வேனில் நான் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவேன். பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் டிரைவர் பக்கத்து இடத்தை யாரும் பிடிப்பதில்லை.

நீங்கள் கேட்டது என் டிராயரில் எடுத்த அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றி, மேடம். அதற்கு வருகிறேன். ஆடிட்டருக்கு எல்லாம் வரிசையாக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முன் சீட்டில் இருப்பவனுக்கு டிரைவர் அண்ணனின் போன் பேச்சு முழுவதும் கேட்கும். சாயங்காலம் வண்டி கிளம்பியதும் அவர் மனைவி அழைப்பார். ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் வைத்துவிடுவார். அண்ணியை நான் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான்.

"வண்டிய ஓட்டுறது நீங்கதான், ஞாபகம் இருக்கட்டும். தூங்கிடாதீங்க."

"நீ பேசுற பேச்சுல எவனுக்குத் தூக்கம் வரும்?"

"பக்கத்துல அந்தத் தம்பி இருக்கானா? மத்தியானம் சாப்பிட்டானான்னு கேளுங்க."

நான் சாப்பிட்டேன் என்று தலையாட்டுவேன். அவர் அதைப் போனில் சொல்வார்.

என் மனைவி இருந்தபோது அதே சீட்டில் எனக்கும் அழைப்பு வரும். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லிப் பாதி நாள் கட் செய்துவிடுவேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான்காம் நாள் நான் மட்டும் திரும்பி வந்தேன். அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு காலை, வண்டி சிக்னலில் நின்றபோது அண்ணன் என் தோளைத் தட்டிச் சொன்னார்.

"நாள் போகப் போகப் பழகிடும் தம்பி."

அவர் நல்ல மனிதர். தெரியாமல் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கோபம் இல்லை. தெரியாத விஷயத்தை ஒருவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

அன்று வண்டியை விட்டு இறங்கும்போது அவர் அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அவருடைய பேங்க் கிளையை வேறொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள். கிளை எண் மாறியிருந்தது. புது எண், பேங்க் முத்திரையோடு. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன். அது என் கையெழுத்துதான், மேடம். டிராயரில் ஸ்டேப்ளர் பெட்டிக்குக் கீழே வைத்தேன். மறதி இல்லை.

நாற்பத்து மூன்று பேர் சம்பளம் ஒன்றாகப் போகும். சாஃப்ட்வேரில் இடது பக்கம் நாம் அனுப்பியது, வலது பக்கம் பேங்க் சொல்வது. வரிக்கு வரி பொருத்துவதுதான் என் வேலை. மூன்றாம் நாள், பழைய எண்ணுக்குப் போன அண்ணன் சம்பளம் திரும்பி வந்தது. எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்பப் பத்து நிமிடம் போதும். யார் பணம் என்று தெரியாததுபோல நான் அதை இனம் தெரியாத வரவு என்று பதிந்தேன். வித்தியாசம் பூஜ்யம். பச்சைப் புள்ளி வந்தது. அடுத்த மாதமும் அப்படித்தான். ஒரு காசு வெளியே போகவில்லை. அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அண்ணிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கவுண்டரில் பணம் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். இது எனக்குத் தெரியும். முன் சீட்டில் எல்லாம் கேட்கும் என்று சொன்னேனே.

அண்ணன் பேங்க்கில் கேட்டால் ஆபீசில் கேள் என்றார்கள். அவர் என்னிடம் வந்தார். பேங்க் சிஸ்டம் மாறுகிறது, ஒரு வாரம் ஆகும் என்றேன். மேனேஜரைப் பார்க்கட்டுமா என்றார். பார்த்தால் புகார் ஆகிவிடும், இன்னும் இழுக்கும் என்றேன். நம்பினார். முதல் மாதம் கடன் வாங்கி ஓட்டினார், அண்ணியின் கம்மலையும் விற்றார். இரண்டாம் மாதம் கடன் கொடுக்க ஆள் இல்லை. என் கையிலிருந்து இரண்டு முறை கொடுத்தேன். கல் நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அரிசிக்கும் பால் பாக்கெட்டுக்கும் போதும். கவுண்டருக்குப் போதாது. கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

வாரம் இரண்டு என்பது ஒன்றானது. பிறகு அதுவும் இல்லை. போனில் அண்ணியின் குரலுக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை வேறு டிரைவர் வந்தார். விஷயம் தெரிந்ததும் ஆபீசுக்குப் போய் முதல் வேலையாகக் கிளை எண்ணைத் திருத்தினேன். இரண்டு மாதச் சம்பளமும் சேர்ந்து அன்றே போய்ச் சேர்ந்தது. ஏன் சரியாக அந்தத் தேதியில் என்று கேட்டீர்கள். அதற்குமேல் நிறுத்திவைக்கக் காரணம் இல்லை. அடக்கச் செலவுக்கு ஆயிற்று, உன்னால்தான் தம்பி என்று அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பத்து நாளில் வேலைக்குத் திரும்பினார். போன் டாஷ்போர்டில் கிடக்கும். அடிக்காது. போன திங்கட்கிழமை அதே சிக்னலில் அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"பழகாது போலிருக்கே தம்பி."

ஆமாம் அண்ணே என்றேன். இப்போது மத்தியானம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அவர் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நான்தான் சாப்பிடச் சொல்கிறேன்.

வேலையை விட்டு எடுங்கள், போலீசில் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம், மேடம். பாவம், அவருக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.