கதவுக்கு ஓர் இலைவளையம்

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் தம்பி டுவைட். வீடுகளை விற்றுத் தரும் மார்சி லூமிஸ். கொலம்பஸிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி, பெயர் பிரெண்டிஸ். மூன்று மணிக்கு மேல் வந்த கெஸ்லர் குடும்பம், அப்பா, அம்மா, ஒரு சிறுமி. எல்லோரும் பெயர் எழுதிய தாள் உங்கள் மேசையில் இருக்கிறது, டெபுட்டி ஷெரீஃப். ஓரத்தில் உள்ள கறை ஆப்பிள் சாறுதான். என் பெயர் அதில் இருக்காது. சொந்த வீட்டில் இருப்பவள் வருகைத் தாளில் எதற்குப் பெயர் எழுத வேண்டும்?

நீங்கள் இரண்டு நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். மார்சி எங்கே? சொல்கிறேன். ஆனால் எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

அலங்காரத்துக்கு ஓக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து அப்படியே ஜாடியில் போடக் கூடாது. உள்ளே புழு இருக்கும். தட்டில் பரப்பி, ஓவனில் குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் புழு உள்ளேயே செத்துவிடும். வெளியே பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது. செப்டம்பர் கடைசியில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். டுவைட் டொலீடோவிலிருந்து போன் செய்தான்.

"அர்லி, இந்த வருஷம் வாசலை நல்லா ஜோடிச்சு வை. வீடு முழுக்க. யாராவது உள்ள வந்தா வெளிய போக மனசு வரக் கூடாது."

அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. வாசலில் நான் அலங்காரமாக அடுக்கும் பூசணிகளைப் பார்த்து முப்பது வருடம் சிரித்தவன். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு வருடத்தில் நான்கு முறை வந்தான். அப்பா வீட்டை அவன் பெயருக்கு எழுதி வைத்தார். "நீ சாகுற வரைக்கும் இங்கதான் இருக்கப் போற, காகிதத்துல என்ன இருக்கு?" என்று டுவைட் சொன்னான். நானும் என்ன இருக்கு என்று விட்டுவிட்டேன்.

அதனால் மனம் வைத்துச் செய்தேன். கடைக்குப் போகவில்லை. பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளில் சோளத்தட்டை நிற்கும். கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அதை வெட்ட தாத்தாவின் நீளக் கத்தியைத் தீட்டினேன். வேலை முடிந்ததும் அதையே வாசல் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். பழைய கருவிகள் சுவரில் நன்றாக இருக்கும், செலவும் இல்லை. மேப்பிள் இலைகளை உருகிய தேன்மெழுகில் முக்கி எடுத்தேன்; அப்படிச் செய்தால் சிவப்பு நவம்பர் வரை போகாது. வேலியில் ஏறிக் கிடந்த ஆரஞ்சுக் காய்க் கொடியை வளைத்து இரண்டு வளையம் கட்டினேன். ஒன்று முன் கதவுக்கு. இரண்டாவதை எங்கே மாட்டுவது என்று அப்போது தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மார்சி கேமராவோடு வந்தாள். "படம் எடுக்க ஒரு பொம்பளை வருவா, உள்ள விடு" என்று மட்டும் டுவைட் சொல்லியிருந்தான். எங்கள் ஊர் நூலகம் ஒவ்வொரு அக்டோபரிலும் வாசல் அலங்காரப் போட்டி நடத்துவது உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா ஒரு வருடம் ஜெயித்தார். நான் பதினேழு முறை கலந்துகொண்டு ஆறு முறை இரண்டாவதாக வந்தவள். மார்சி போட்டிக்காக வந்தவள் என்று நினைத்தேன். அவளுக்கு நான் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு கொடுத்தேன். ஜன்னல் திரைகளை விலக்கிக் கொடுத்தேன்.

"ஐயோ, என்ன கை உங்க கை!" என்றாள். "நான் காசு குடுத்துக் கூட்டிட்டு வர்றவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

போகும்போது சுவரில் இருந்த குடும்பப் படங்களை எல்லாம் கழற்றி ஒரு கூடையில் அடுக்கினாள். "இது கொஞ்ச நாள் கண்ணு மறைவா இருக்கட்டும் கண்ணு. பாக்க வர்றவங்க தங்களையே இங்க வெச்சுப் பாக்கணும். உங்க மூஞ்சி எல்லாம் தொங்கினா அது நடக்காது." போட்டியில் புது விதி போலிருக்கிறது என்று நினைத்தேன். கொல்லை மேட்டில், சூறாவளிக்குப் பயந்து அப்பா தோண்டிய நிலவறையில் கூடையை வைத்தோம். அங்கேதான் பூசணிகளை அடுக்கி வைப்பேன். நான்தான் அவளுக்கு வழி காட்டினேன்.

ஞாயிறு காலை புல்தரையில் பலகை நட்டிருந்தது. விற்பனைக்கு. என் சோளத்தட்டைக் கட்டுகளுக்கு நடுவே, அளந்து வைத்த மாதிரி. முன் கதவின் குமிழில், என் வளையத்துக்குப் பின்னால், பூட்டு மாதிரிக் கொண்டி போட்ட ஓர் இரும்புப் பெட்டி தொங்கியது. உள்ளே என் வீட்டுச் சாவி. நான்கு எண் தட்டினால் திறக்கும் என்று மார்சி சந்தோஷமாக விளக்கினாள். எண் அவளுக்கு மட்டும்தான் தெரியுமாம். பெட்டி வளையத்தை நசுக்குகிறது என்று அவளே அதைக் கழற்றி, கொண்டி திறந்தபடி சமையலறை மேடையில் வைத்தாள். நல்ல கவனம் உள்ள பெண்.

பிரெண்டிஸ் ஜோடி ஒரு மணிக்கு வந்தார்கள். அடுப்பில் ஆப்பிள் தோலும் பட்டையும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மூச்சை இழுத்து, "நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குல்ல?" என்று கணவனிடம் சொன்னாள். இரண்டு மணிக்குள் விலை பேசி முடித்துவிட்டுப் போனார்கள்.

டுவைட் வாசல் ஊஞ்சலில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"உன்னாலதான் அர்லி இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சுது. சத்தியமா. மார்சி டிசம்பர் ஆகும்னா."

"நான் எங்கே போறது?" என்று கேட்டேன்.

"எங்க வண்டி ஷெட்டுக்கு மேல ரூம் இருக்கே. ஒரு ஜன்னல்கூட இருக்கு. அதுல ஒரு பூசணி வெச்சுக்கோ."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் மார்சியிடம் அப்பாவின் படம் வேண்டும் என்று கேட்டேன். "இதோ, நானே எடுத்துட்டு வர்றேன்" என்று கொல்லைப் பக்கம் போனாள். டுவைட் போனில் மனைவிக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நான் சுவரிலிருந்து கத்தியை எடுத்தேன். ஆணி மட்டும் நின்றது; அந்த இடம் வெறிச்சென்று இருந்தது, அது எனக்கு உறுத்தியது.

சோளத்தட்டையை வெட்டும்போது சாய்வாக, மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். கழுத்தும் அப்படித்தான். முதல் வெட்டில் அவன் எழப் பார்த்தான். வலது கையைத் தூக்கினான், இரண்டு விரல் வாசல் தரையில் விழுந்தன. மூன்றாவதில் எலும்பு தட்டியது. கத்தி அதில் மாட்டிக்கொண்டது. அவன் தோளில் முழங்காலை வைத்து இழுக்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு. மொத்தம் ஐந்து. உங்கள் மருத்துவர் ஏழு என்கிறார். அவர் எண்ணியது சரியாக இருக்கலாம்.

மார்சி கூடையோடு திரும்பி வந்தாள். படிக்கட்டில் நின்றாள். தன் கார் நின்ற பக்கம் பார்த்தாள். கார் சாவியும் போனும் வீட்டுக்குள், நான் வாசலில். அதனால் வந்த வழியே ஓடி நிலவறைக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டாள். கூடையைக் கீழே போடவே இல்லை.

அடுத்து வீடு பார்க்க வருகிறவர்கள் மூன்று மணிக்குத்தான், அதுவரை நேரம் இருந்தது. கொல்லையில் வேலையை முடித்துவிட்டு வந்து, டுவைட்டை ஊஞ்சலில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டேன். தலை நிற்கவில்லை, பின்னால் ஒரு வைக்கோல் கட்டை முட்டுக் கொடுத்து, அப்பாவின் தொப்பியை வைத்தேன். விரல்களைப் பூசணிகளுக்கு நடுவே ஒதுக்கினேன். அக்டோபர் கடைசி வாரத்தில், பேய்ப் பண்டிகைக்காக, எங்கள் ஊரில் எந்த வாசலில்தான் பொம்மைப் பிணம் இல்லை? அஞ்சல் நிலையத்துக்கு எதிர் வீட்டில் மூன்று தொங்குகிறது.

கெஸ்லர்கள் வந்தார்கள். அந்த ஆள் குனிந்து பார்த்து விசிலடித்தான்.

"யம்மா, ரத்தம்கூட நெஜம் மாதிரியே! எங்க வாங்குனீங்க?"

"வாங்கலை. எல்லாம் வீட்டுல இருந்ததுதான்."

"பாத்தியா?" என்று அவன் மனைவி அவனை இடித்தாள். "நீ ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குச் சம்பளத்தையே குடுத்துட்டு வந்த." என்னிடம், "எவ்ளோ ஆச்சு இதுக்கு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலை."

உள்ளே போய் எல்லா அறையும் பார்த்தார்கள். தாளில் பெயர் எழுதினார்கள். திரும்பும்போது சிறுமி மட்டும் ஊஞ்சல் அருகில் நின்று டுவைட்டின் இடது கையைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, கை சூடா இருக்கும்மா."

அவர்கள் காருக்குள் போய்ப் போன் செய்தது சரிதான். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது மார்சி. நீங்கள் வீட்டைத் தேடினீர்கள், களஞ்சியத்தைத் தேடினீர்கள், ஓடையில் ஆள் இறக்கினீர்கள். ஞாயிறு மாலை என்னை வண்டியில் ஏற்றிய பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொல்லை மேட்டில் சோளத்தட்டைகளைச் சாய்த்து, இரண்டு வைக்கோல் கட்டும் மூன்று வெள்ளைப் பூசணியும் வைத்திருக்கிறேன் அல்லவா? அதில் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து நீங்கள் காப்பி குடித்தீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் அந்த நிலவறைக் கதவு; சூறாவளிக்குப் போட்ட கனமான கதவு, உள்ளே தட்டினால் வெளியே கேட்காது. கூட வந்தவரிடம் அழகாக இருக்கிறது என்று கையைக் காட்டினீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரவில் உறைபனி விழுகிறது, தெரியும். உள்ளே பூசணி நிறைய இருக்கிறது. எங்கள் படங்களும் இருக்கின்றன. எங்கள் முகங்களுக்கு நடுவே அவள் தன்னை வைத்துப் பார்க்கட்டும். டுவைட்டைக் கொன்றேன், அதை ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மார்சிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அவளாகத்தான் உள்ளே போனாள். பூட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், எண் உள்ளே இருப்பவளுக்குத்தான் தெரியும். வெட்டும்போது காய்கள் உதிராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சமையலறையிலிருந்து அவளுடைய சாவிப் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே அவள் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவை நன்றாக அழுத்திச் சாத்தினேன், பெட்டியின் கொண்டியை மாட்டிப் பூட்டினேன், அதன் மேல் இரண்டாவது வளையத்தைத் தொங்கவிட்டு, நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன்.